உறுப்பு என்னும் சொல்



இன்று நாம் எடுத்துக்கொள்ளப்போவது ஒரே ஒரு சொல். ‘உறுப்பு’ என்பதே அது. கை, கால், கண், காது ஆகியவற்றை உறுப்பு என்கிறோம். இது சிறு குழந்தைக்கும் தெரியும். ஆனால் இதே சொல், முறைப்படி வாதம் செய்வது எப்படி என்று கற்பிக்கும் தருக்கக் கலையிலும் வழங்குகிறது. வாதம் என்றதும் கைகால் முடக்கும் நோயை நினைத்துவிட வேண்டாம். ஒரு கருத்தைக் காரணம் காட்டி நிலைநாட்டுவதைத்தான் இங்கே வாதம் என்கிறோம். அறுவை மருத்துவர் ‘உறுப்பு’ என்னும்போது அவர் கத்தியைப் பற்றிப் பேசுகிறார். தருக்க ஆசிரியர் ‘உறுப்பு’ என்னும்போது நாவைப் பற்றிப் பேசுகிறார். இந்த இரண்டு பொருளும் ஒரே நேரத்தில் நம் எதிரே வந்து நிற்கும் ஒரு நாள் உண்டு. வீட்டுப் பெரியவரின் காலை எடுக்க வேண்டும் என்று சொல்லி, மருத்துவமனையில் சம்மதப் பாரத்தை நம்மிடம் நீட்டும் நாள் அது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘உறு’ என்றால் பொருந்து, சேர்ந்திரு என்று பொருள். ஒன்றோடு பொருந்தி நின்று அதற்காக ஒரு வேலையைச் செய்வது உறுப்பு. தமிழ்ப் பள்ளியில் உங்கள் பிள்ளைகள் பகுபத உறுப்பிலக்கணம் படிப்பார்கள். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஒரு சொல்லை ஆறு உறுப்பாகப் பிரிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். ‘செய்தான்’ என்ற சொல்லில் ‘ஆன்’ என்ற விகுதியை எடுத்துவிட்டால் செய்தவர் யார் என்பது தெரியாமல் போகும். ‘செய்’ என்ற பகுதியை எடுத்துவிட்டாலோ எதுவுமே மிஞ்சாது. ஆனால் ‘வந்தனன்’ என்பதில் இடையே நிற்கும் ‘அன்’ சாரியை இல்லாமல் ‘வந்தான்’ என்று சொன்னாலும் பொருள் கெடுவதில்லை. சில உறுப்பு போனால் முழுமையும் போய்விடுகிறது. சில உறுப்பு போனாலும் முழுமை தாங்கிக்கொள்கிறது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொல்காப்பியர் செய்யுளுக்கு முப்பத்து நான்கு உறுப்புகளைச் சொல்கிறார். சங்கத்தில் சேர்ந்தவரை நாம் உறுப்பினர் என்றும் அங்கத்தினர் என்றும் சொல்கிறோம். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோது சந்தா கட்டிச் சேர்ந்த நம் பாட்டன் பாட்டிமார் எல்லோரும் உறுப்பினர்களே. மலாய் மொழியிலும் இதே கதைதான். ‘அங்கோத்தா’ என்றால் கை கால். ‘அங்கோத்தா’ என்றால் சங்க உறுப்பினரும்கூட. நம் ‘அங்கம்’ அந்தச் சொல்லுக்குள் உட்கார்ந்திருப்பதைக் காது கேட்கிறதல்லவா?

இனித் தருக்கத்துக்கு வருவோம். வடமொழியில் கௌதமர் பெயரால் வழங்கும் நியாய சூத்திரம், ஒரு வாதத்துக்கு ஐந்து அவயவங்கள் உண்டு என்கிறது. அவயவம் என்றால் உறுப்புத்தான். சரக சங்கிதை என்ற பழைய மருத்துவ நூலும், மருத்துவர்கள் தம்முள் வாதிடும் முறையை விளக்கும் இடத்தில், இந்த ஐந்தையும் கற்பிக்கிறது. நோய்க்கு மருந்து சொல்லும் நூலுக்கு வாதத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். இன்ன நோய் என்று துணிவதே ஒரு வாதம்தானே!

தமிழில் இதை அழகாகச் சொல்லும் நூல் மணிமேகலை. காப்பியத்தின் இறுதிப் பகுதியில் மணிமேகலை காஞ்சி நகரத்தில் அறவண அடிகளிடம் தருக்கம் கேட்கிறாள். அவர் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்ற ஐந்தை எடுத்துரைக்கிறார். பெயர்களைக் கேட்டு மிரள வேண்டாம், பொருள் எளிது. தொலைவில் ஒரு மலை தெரிகிறது. ‘அந்த மலையில் நெருப்பு இருக்கிறது’ என்கிறோம். இது பக்கம், அதாவது நாம் நிலைநாட்ட விரும்பும் செய்தி. ‘ஏனென்றால் அங்கே புகை தெரிகிறது.’ இது ஏது, அதாவது காரணம். ‘சமையற்கட்டில் பார்த்திருக்கிறோமே, புகை வரும் இடத்தில் நெருப்பு உண்டு.’ இது திட்டாந்தம், முன்பு கண்ட சான்று. ‘அதுபோலவே இந்த மலையிலும் புகை இருக்கிறது’ என்று சான்றையும் மலையையும் பொருத்துவது உபநயம். ‘ஆகவே மலையில் நெருப்பு உண்டு’ என்று முடிப்பது நிகமனம்.

ஏது சரியான ஏதுதானா என்று பார்க்க ஒரு சோதனையும் உண்டு. அந்தக் காரணம் நாம் பேசும் பொருளில் உண்மையிலேயே இருக்க வேண்டும். அதை ஒத்த இடத்தில், அதாவது சபக்கத்தில், இருக்க வேண்டும். மாறான இடத்தில், அதாவது விபக்கத்தில், இருக்கவே கூடாது. சமையற்கட்டு சபக்கம், குளம் விபக்கம். குளத்து நீரில் அடுப்புப் புகை எழுவதில்லை. ஆகவே புகை நல்ல காரணம்.

‘2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் புகைமூட்டத்துக்காக அவசரநிலை அறிவித்தார்களே, அப்போது ஊரெல்லாம் புகை, நெருப்போ கடலுக்கு அப்பால் சுமத்ராவில்!’ என்று யாராவது குறுக்கே கேட்கலாம். நல்ல கேள்வி. பழைய ஆசிரியர்கள் இதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள். நின்ற இடத்திலிருந்து திரளாக மேலெழும் புகைதான் அவர்கள் சொல்லும் காரணம். காற்றில் மிதந்து வந்த புகை அன்று. காரணத்தைச் சரியாகப் பார்த்தாயா என்பதே அவர்களுடைய முதற் கேள்வி.

அறவண அடிகள் இன்னொன்றும் சொல்கிறார். கடைசி இரண்டு உறுப்புகளான உபநயமும் நிகமனமும் மூன்றாவதான திட்டாந்தத்துக்குள்ளேயே அடங்கிவிடும் என்கிறார். பௌத்த தருக்க ஆசிரியர் திக்நாகரின் வழி இது. நியாய நூலார் ஐந்து உறுப்பும் வேண்டும் என்றார்கள். பௌத்தர்களோ இரண்டைக் களைந்துவிட்டு, மூன்று உறுப்போடு வாதம் நன்றாக நடக்கும் என்று காட்டினார்கள். இதுவும் ஓர் உறுப்பு நீக்கம்தான்! ஆனால் ஏதுவின்மேல் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. அதை எடுத்தால் வாதம் செத்துவிடும்.

கத்திக்கு வருமுன் ‘அறுவை’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழந்தமிழில் அறுவை என்றால் துணி. தறியிலிருந்து அறுத்தெடுப்பதால் அப்பெயர். சங்கப் புலவர்களுள் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். அவர் துணி வணிகர், மருத்துவர் அல்லர். பிற்காலத்தில் மருத்துவர் செய்யும் அறுப்புக்கு அந்தச் சொல் வந்து சேர்ந்தது. அதற்கும் பிற்காலத்தில் சலிப்பூட்டும் பேச்சுக்கும் அதே பெயர் வந்தது. நம் பேச்சு அந்த மூன்றாம் வகையில் சேராமல் பார்த்துக்கொள்வோம்.

நம் குடும்பங்களில் கால் எடுக்கும் நிலை பெரும்பாலும் இனிப்பு நீர் நோயால்தான் வருகிறது. 2019இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இந்நோய் இருந்தது. மூன்று பெரிய இனங்களுள் இந்தியரிடையேதான் இது மிகுதி. இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால் இரண்டு கேடு நேர்கிறது. பாதத்து நரம்புகள் மரத்துப்போகின்றன. காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் உள்ளே தடித்துச் சுருங்குகின்றன. செம்பனை மட்டை முள் குத்தினாலும் தெரிவதில்லை. ரப்பர் பூட்ஸுக்குள் கிடக்கும் கல் நாள் முழுதும் உராய்ந்தாலும் தெரிவதில்லை. புண்ணுக்கு இரத்தம் போதுமான அளவு வராததால் ஆறுவதுமில்லை. கிருமி புகுந்து தசை செத்து அழுகத் தொடங்கினால், அதன் நஞ்சு இரத்தத்தில் கலந்து உயிருக்கே உலை வைக்கிறது.

இந்த இடத்தில்தான் வீட்டில் வாதங்கள் கிளம்புகின்றன. பொருத்தமில்லாத காரணத்தைப் பழைய நூலார் ஏதுப்போலி என்றார்கள். மணிமேகலை பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து என்று மொத்தம் முப்பத்து மூன்று பிழைகளைக் கணக்கிடுகிறது. அத்தனையும் நமக்கு வேண்டாம். ஏதுப்போலியின் மூன்று பெரிய வகைகளைப் பார்த்தால் போதும். மூன்றும் நம் வீட்டிலேயே கிடைக்கும்.

‘புண்ணில் வலியே இல்லை, ஆகவே ஆபத்தில்லை.’ இதைச் சொல்லாத வீடு அருமை. மரத்துப்போன காலில் வலி இல்லாமலிருப்பதே நரம்பு கெட்டதன் அடையாளம். காட்டிய காரணம் எதை நிலைநாட்ட வந்ததோ அதற்கு நேர் மாறானதை நிலைநாட்டுகிறது. இதற்கு விருத்தம் என்று பெயர். என் கருத்தில் மூன்றிலும் உயிர் குடிப்பது இதுதான். வலிக்கும் புண்ணை யாரும் மறப்பதில்லை. வலிக்காத புண்தான் மூன்று வாரம் துணியால் கட்டப்பட்டுக் கிடக்கிறது.

‘கால் கதகதப்பாகத்தான் இருக்கிறது, ஆகவே இரத்தம் நன்றாக ஓடுகிறது.’ தொட்டால் சூடு தெரிவது உண்மை. ஆனால் அந்தச் சூடு கிருமியால் வந்த வீக்கத்தின் சூடாக இருக்கலாம். அதிகாலையில் தோட்டத்து மேட்டில் நிற்கும் பனியைப் புகை என்று எண்ணி நெருப்பைத் தேடிப் போவது போன்றது இது. காரணம் அங்கே உண்டா என்பதே உறுதியாகவில்லை. இதற்கு அசித்தம் என்று பெயர். பனிக்கும் புகைக்கும் உள்ள இந்த மயக்கத்தை மணிமேகலை ஆசிரியரும் எடுத்துக்காட்டாகத் தந்திருக்கிறார்.

‘அடுத்த வீட்டு அண்ணனுக்குக் காலை எடுத்தார்கள், ஆறு மாதத்தில் போய்விட்டார். ஆகவே காலை எடுத்தால் ஆள் பிழைக்கமாட்டார்.’ இதுதான் பாரத்தில் கையெழுத்திட வந்த மகனின் கையைப் பின்னுக்கு இழுக்கும் வாதம். விபக்கத்தைப் பாருங்கள். விபத்தில் காலை இழந்து முப்பது ஆண்டு வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். இனிப்பு நீரால் காலை எடுத்தபின் பேரப்பிள்ளைகளின் திருமணம் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். காலை எடுக்காமலே அழுகல் ஏறி இறந்தவர்களும் இருக்கிறார்கள். காரணம் இரண்டு பக்கமும் காணப்படுவதால் எதையும் நிலைநாட்டுவதில்லை. இது அநைகாந்திகம், ஒரு பக்கம் நில்லாத காரணம். அந்த அண்ணன் இறந்தது காலை எடுத்ததாலா, தாமதித்து எடுத்ததாலா, இதயமும் சிறுநீரகமும் முன்பே கெட்டிருந்ததாலா என்று யாராவது கேட்டிருப்பார்களா? காலை இழக்கும் அளவுக்கு நோய் முற்றியவருக்குப் பெரும்பாலும் மற்ற உறுப்புகளும் பழுதாகியிருக்கும். அண்ணனுக்காக அழுவது நியாயம். அவரைத் திட்டாந்தமாக்கி அப்பாவைத் தடுப்பது நியாயம் அன்று.

குடும்பத்தார் வாதம் மட்டும் குறையுள்ளது என்று நான் சொல்லவில்லை. மருத்துவர் வாதத்திலும் உறுப்புகள் விடுபடுகின்றன. கூட்டம் நிறைந்த வார்டில் இளம் மருத்துவர் ஒருவர் வந்து ‘பொத்தோங் காக்கி’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொன்னது பக்கமும் நிகமனமும்தான். நடுவில் இருக்க வேண்டிய மூன்றும் அவர் மனத்தில் உள்ளன. நம் காதுக்கு வரவில்லை. ஏதுவைக் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உண்டு. ‘கெனாப்பா, டாக்டர்?’ என்ற இரண்டு சொல் போதும். தசை செத்துவிட்டதா, எலும்புவரை கிருமி போய்விட்டதா, இரத்தம் எதுவரை ஓடுகிறது? அடைபட்ட குழாயைத் திறக்க வழி உண்டா? விரலோடு நிறுத்த முடியாதா? ஏன் இந்த இடத்தில்? இரண்டு நாள் பொறுத்தால் என்ன ஆகும்? மலாயோ ஆங்கிலமோ சரியாகப் புரியாவிட்டால் தமிழ் தெரிந்த தாதியரையோ ஊழியரையோ அழைத்து விளக்கச் சொல்லுங்கள். இது மருத்துவரை எதிர்ப்பது ஆகாது. வாதத்தை முழு உடம்போடு கேட்பது. ஒன்றை மட்டும் எச்சரிக்க வேண்டும். நஞ்சு ஏறிக் காய்ச்சலும் மயக்கமும் வந்துவிட்டால் மணிக்கணக்குத்தான் இருக்கிறது. அப்போது ஈப்போவிலிருந்து பெரியப்பா வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

‘ஏன் இந்த இடத்தில்’ என்ற கேள்விக்கு மருத்துவர் தரும் விடையைப் பால்மரம் வெட்டியவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். பட்டையை மேலோடு சீவினால் பால் வராது. கட்டை தெரிய வெட்டினால் மரத்துக்குக் காயம். கத்தி நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அறுவை மருத்துவரும் செத்த தசையை நீக்கிக்கொண்டே போய், இரத்தம் கசியும் உயிருள்ள தசை வந்ததும் நிறுத்துகிறார். காலையே எடுக்கும்போது இரண்டு பக்கம் பார்க்கிறார். புண் ஆறும் அளவுக்கு இரத்தம் ஓடும் இடமாக இருக்க வேண்டும். கூடுமானவரை முழங்கால் மூட்டு தப்ப வேண்டும். முழங்கால் இருந்தால் செயற்கைக் காலோடு நடப்பது எவ்வளவோ இலகு. தொடையில் எடுத்தவர் அதே தூரத்தை நடக்க மிகுந்த வலிமையைச் செலவிட வேண்டியிருக்கும். சீக்கிரம் வந்தவருக்கு ஒரு விரலோடு முடிவது, பிந்தி வந்தவருக்கு முழங்காலில் முடிகிறது.

மயக்க மருந்து இல்லாத காலத்தில் இதை எப்படித்தான் தாங்கினார்களோ! இலண்டனில் ராபர்ட் லிஸ்டன் என்பவர் ஈத்தர் மயக்கத்தில் ஒருவர் காலை எடுத்தது 1846 டிசம்பர் 21ஆம் நாள். அதற்கு முன்பெல்லாம் நோயாளியை ஆட்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். அறுத்துச் சுடும் மருத்துவனிடத்தும் நோயாளி அன்பு மாறாமல் இருப்பதைக் குலசேகர ஆழ்வார் தம் பாசுரத்தில் உவமையாக்கியிருக்கிறார். அந்த அன்பு கண்மூடித்தனத்தால் வந்தது என்று நான் கருதவில்லை. எதற்காக அறுக்கிறான் என்று தெரிந்திருந்ததால் வந்தது.

திருவள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார். நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர். அவர் உறுப்பு என்று சொல்லவில்லை, கூறு என்றார்; கருத்து அதுவே. இந்த நான்காம் கூறு வீட்டுப் பெண்கள்தாம். தினமும் இரவில் பெரியவரின் பாதத்தை விளக்கொளியில் பார்ப்பது, விரலிடுக்கைத் துடைப்பது, புதிய கொப்புளம் கண்டால் மறுநாளே கிளினிக்குக்கு அனுப்புவது, இதெல்லாம் அந்த நான்காம் கூற்றின் வேலை. குனிந்து பார்க்க முடியாதவர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துத் தம் உள்ளங்காலைத் தாமே பார்க்கலாம்.

காலை எடுத்த பின்பும் பேசவேண்டியது உண்டு. செயற்கைக் கால் பொருத்திக்கொள்ளும் வழியை மருத்துவமனையிலேயே கேளுங்கள். சொக்சோவில் சந்தா கட்டியவராக இருந்தால் அங்கேயும் கேளுங்கள். மலாக்காவில் 2014இல் சொக்சோவின் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டிருக்கிறது. இந்தியாவில் கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் சேர்ந்து 1960களின் இறுதியில் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், செருப்பில்லாமல் வயலில் நடக்கவும் சம்மணமிட்டு உட்காரவும் இடம் தந்தது. நம் வாழ்க்கை முறையை அறிந்தவர்கள் செய்த உறுப்பு அது.

இன்னொரு செய்தி பலரைக் கலங்க வைக்கிறது. காலை எடுத்த சில நாளில், ‘என் பாதம் அரிக்கிறது, சொறிந்துவிடு’ என்கிறார் அப்பா. இல்லாத பாதம்! குடும்பத்தார் புத்தி பிசகிவிட்டதோ, பேய்க்குணமோ என்று பயப்படுகிறார்கள். இரண்டும் இல்லை. வெட்டுண்ட உறுப்பு இருப்பதாகவே தோன்றுவதும், அதில் வலி எடுப்பதும் மிகப் பலருக்கு நேர்வது. மூளையில் அந்தக் காலுக்கென்று உள்ள பகுதி அப்படியே இருக்கிறது. அது தன் பழைய ஏதுவை வைத்துக்கொண்டு ‘உணர்வு இருக்கிறது, ஆகவே கால் இருக்கிறது’ என்று வாதிடுகிறது. 1951இல் தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். இராமச்சந்திரன், 1990களில் அமெரிக்காவில் இதற்கு மிக எளிய வழி ஒன்றைக் கண்டார். நிலைக்கண்ணாடி ஒன்றை நடுவே நிறுத்தி, இருக்கும் கையின் உருவம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி வைத்தார். நல்ல கையை அசைத்தால் இழந்த கையும் அசைவதாக மூளைக்குக் கண் சான்று சொல்கிறது. இறுகிப்போயிருந்த வலி சிலருக்கு அதனால் தளர்ந்தது. 2007இல் அமெரிக்க இராணுவ மருத்துவமனையில் கால் இழந்தவர்களிடம் இதைச் சோதித்தபோதும் வலி குறைந்தது. எல்லோருக்கும் பலிப்பதில்லை, மருந்துகளும் உண்டு. ஆகவே அப்பா இல்லாத காலைப் பற்றி முறையிட்டால் அதட்டி அடக்காமல், எந்த விரலில், எந்த நேரத்தில், எரிச்சலா குத்தலா என்று கேட்டு வைத்துக்கொண்டு, அடுத்த தவணையில் மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.